மினசோட்டாவில் ஒரு ஃப்ளோரிடா

மனிதகுலம் உண்டாக்கியவற்றுள் பிழையே செய்யாதது குளிர்மண்டல வரைபடம் ஒன்றுதான். அமெரிக்காவின் வடகோடியில், மினசோட்டாவின் நோர்பி ஊர் டேலிலிப் பூச்செடி வளர்ப்போர் சங்கத் தலைவர் ஆர்வில் ஸ்டென்ஸ்ருட் அப்படித்தான் நம்பினார். எங்கே குளிர் எவ்வளவு இறங்கும் என்று கணக்கிட்டு, நாட்டையே எண் போட்டுப் பிரித்திருக்கிறது அது. நோர்பி நான்காம் மண்டலம். நான்காம் மண்டலச் செடி அங்கே வாழும். வெப்பமான எட்டாம் மண்டலத்துச் செடி சாகும். செடியின் 'கருத்து' கேட்கப்படுவதில்லை.

அடுத்த வீட்டுப் பெண்மணி ஆர்டிஸ் ஃபால்க், எட்டாம் மண்டலத்து டேலிலி ஒன்றை ஃப்ளோரிடாவிலிருந்து வரவழைத்து நட்டபோது, ஆர்வில் வேலியோரம் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"என்ன தலைவரே, யாருக்கு அஞ்சலி?"

"உங்க செடிக்குத்தான் ஆர்டிஸ். இப்பவே செஞ்சுட்டா அப்புறம் குளிர்ல வந்து நிக்க வேண்டாம் பாருங்க."

"அது இன்னும் சாகவே இல்லையே!"

"வரைபடத்துல செத்தாச்சு."

டிசம்பரில் பனி முழங்கால் உயரம் கொட்டியது. ஆர்வில் தம் செடி ஒவ்வொன்றுக்கும் பித்தளைப் பெயர்ப்பலகை நட்டிருந்தார். பலகை மறையலாமா? பனியை வாரி வீசும் இயந்திரத்தை ஓட்டிவந்து, குளிர்காலம் முழுக்கப் பாத்தியை வழித்தெடுத்தார். வழித்ததெல்லாம் வேலி தாண்டி ஆர்டிஸின் பாத்தியில் விழுந்தது.

"ஆர்வில், பனிதானே செடிக்குப் போர்வை! ஏன் உருவுறீங்க?"

"நாலாம் மண்டலத்துச் செடிக்குப் போர்வையா? அதை அவமானப்படுத்தாதீங்க!"

வசந்தத்தில் ஆர்வில் மண்ணைக் கிளறினார். விரல்களில் அழுகிய வேரின் பழுப்புக் கூழ் ஒட்டியது. அடுத்த செடியிலும் அதே கூழ். கையைக் கழுவாமலே சமையலறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பலகைகளைத் துடைத்துப் பளபளப்பாக்கினார்.

ஜூலையில் சங்கத்தின் பூப்போட்டி. ஆர்டிஸின் பாத்தி செக்கச்சிவப்பாகப் பூத்துக் குலுங்கியது. லுத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் அவசரக் கூட்டம் கூடியது.

"என் கண்ணால பாத்தேங்க, பூத்திருக்கு," என்றார் செயலாளர் வெண்டெல், வாய் நிறைய உருளைக்கிழங்குடன்.

"உங்க கண்ணு சங்கத்துல உறுப்பினரா?" என்றார் ஆர்வில்.

வெண்டெல் விழுங்கினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: எட்டாம் மண்டலச் செடி நோர்பியில் வாழாது. இந்தச் செடி வாழ்கிறது. ஆகவே, இந்தப் பாத்தி நோர்பியில் இல்லை. ஆர்டிஸின் தோட்டம் ஃப்ளோரிடாவுடன் 'இணைக்கப்பட்டு', வெளிமாநிலப் போட்டியாளர் என்று தள்ளப்பட்டது. தலைவரின் செடிகளோ விதிப்படி உயிரோடு இருந்தாக வேண்டியவை. முதல் பரிசு அவற்றுக்கே.

"அப்போ இனிமே மினசோட்டாவுக்கு நான் வரி கட்ட வேண்டாம்ல?" என்றார் ஆர்டிஸ். எல்லாரும் எழுந்து தலைவரின் பாத்திக்கு நடந்தார்கள்.

கட்டுவதற்குத் தண்டு இல்லாததால் முதல் பரிசின் நீல ரிப்பனைப் பெயர்ப்பலகையில் கட்டினார் வெண்டெல். கைதட்டல் ஓய்ந்து, எல்லாரும் கலைந்தார்கள். ஆர்டிஸ் மட்டும் நின்றார்.

"வாழ்த்துகள் தலைவரே. பூவைக் கொஞ்சம் காட்டுங்களேன், மோந்து பாக்கிறேன்."

ஆர்விலின் காது மடல்கள் சிவந்தன. வேலியோரம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஆர்டிஸ்... உங்க செடியில ஒரு கன்னு பிரிச்சுத் தருவீங்களா?"

"ஐயோ, உங்க பக்கம் வந்தா செத்துடுமே! எதுக்கும் வரைபடத்தைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

வரைபடத்தின் நம்பகத்தன்மை அன்று ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. அதை நம்பி நடப்பட்ட செடிகள் மட்டும்தான் உயிரோடு இல்லை.