ஆற்றங்கரை மரத்தடியில் கூட்டம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வசந்தத்தில் செர்ரிப் பூப் பார்க்கப் புறப்பட்ட தொகுஜியின் கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அவர் மனைவி மிசாவோ கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"இறங்காதே மிசாவோ. இங்கேயும் கூட்டம்" என்றார் தொகுஜி.

மலைப் பாதையில் பஸ் ஏற்கெனவே நின்றிருந்தது. சாப்பாட்டுப் பெட்டியை அணைத்துக்கொண்டு மிசாவோ ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். பாலத்துக்கு அப்பால், ஆற்றங்கரையில் ஒரு கிழட்டுச் செர்ரி மரம் வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது. அடியில் நீலத் தார்ப்பாய்களை விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. தொப்பி வைத்தவர்கள், தலையில் துண்டு கட்டியவர்கள், பிள்ளைகுட்டிகள்.

தொகுஜி ஜன்னல் வழியாக அவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். யாரும் திரும்பவில்லை.

"பெரிய கம்பெனி போலிருக்கு. மேனேஜர் கூடவே இருப்பார். ஒருத்தனும் அசையல பாரு."

"அது வந்துங்க ஐயா..." என்று டிரைவர் ஆரம்பித்தார்.

"வேண்டாம் தம்பி. அடுத்தவங்க பிடிச்ச இடம். நாம போகலாம்."

இடம் பிடிப்பதன் அருமை தொகுஜிக்குத் தெரியும். அவருடைய அலுவலகத்தில் வருஷா வருஷம் பூத்த மரத்தடியில் நடக்கும் பூ விருந்துக்கு விடியுமுன்பே பூங்காவுக்குப் போய்த் தார்ப்பாய் விரித்துக் காவல் இருந்தவர் அவர்தான். புதிதாகச் சேர்ந்த பையன் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அவரைப் போல் யாரும் காக்கவில்லை என்று தலை நரைத்த பின்னும் அவரையே அனுப்பினார்கள். மிசாவோ பூக்காலம் முழுக்கச் சமையலறை ஜன்னலோடு இருந்தாள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஒரு வருஷமாவது நாம ரெண்டு பேர் மட்டும் ஒரு மரத்தடியில உக்காரணும்." அப்புறம் கேட்கவே இல்லை. கேட்காததுதான் அவரை உறுத்தியது. இந்த வசந்தத்தில் ஓய்வு பெற்றார். நாளைக்கு மழை என்று வானொலி சொல்லிவிட்டது. மழை வந்தால் பூ போயிற்று.

பஸ் போய் நின்ற மலைக்கோயிலில் பூவைவிடத் தலைகள் அதிகம். தொகுஜி டீக்கடைக்காரியிடம் குரலைத் தாழ்த்தி, "ஆள் இல்லாத மரம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அவளும் குரலைத் தாழ்த்தி, மூங்கில் காட்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதையைச் சொன்னாள்.

பாதி வழியில் மிசாவோ அவர் சட்டையை இழுத்தாள். "என்னங்க, பின்னால பாருங்க."

பின்னால் ஒரு வரிசையே வந்துகொண்டிருந்தது. தொகுஜி நின்றார். வரிசையும் நின்றது.

"எங்கே போறீங்க?" என்றார்.

"உங்க பின்னாலதாங்க" என்றாள் முன்னால் நின்ற பெண். "தார்ப்பாயைச் சுருட்டி இடுக்கிக்கிட்டு நீங்க நடக்கற நடையைப் பார்த்தோம். இடம் தெரிஞ்சவர் மாதிரி இருந்துச்சு."

வேறு வழியில் திரும்பினார். அவர்களும் திரும்பினார்கள். "நல்லா சுத்தி விடறாருப்பா, ரகசிய இடம்தான்" என்று யாரோ மெச்சினார்கள். கடைசியில் மரத்தடிக்கு வந்ததும் எல்லோரும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தங்கள் விரிப்புகளை விரித்தார்கள். ஒருவன் காற்றுக்கு எதிராக விரித்தான். தொகுஜியால் தாங்க முடியவில்லை.

"அப்படி இல்லப்பா. மூலையில கல்லு வை. செருப்பை அந்தப் பக்கம் விடு."

ஒவ்வொருவருக்கும் விரித்து, கல் வைத்து நிமிர்ந்தபோது அவருக்கென்று இடம் இல்லை. மிசாவோ பெட்டியோடு பாதையிலேயே நின்றிருந்தாள்.

"இந்த வருஷமும் காவல் வேலையா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இருவரும் மலையை விட்டு இறங்கினார்கள். ஊருக்குத் திரும்பும் கடைசி பஸ் அந்த ஆற்றங்கரையில்தான் நிற்கும். பாலத்தருகே வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. காற்றில் மழை வாடை. இதழ்கள் ஒன்றிரண்டாய் உதிர ஆரம்பித்திருந்தன. கூட்டம் மட்டும் கலையவில்லை.

மிசாவோ மரத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். "ஆறிப்போச்சு. வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கலாம்."

தொகுஜி அவள் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருஷம் பிறருக்காக இடம் பிடித்தவர், வாழ்க்கையில் முதல் தடவையாக இடம் கேட்கப் போனார். தொப்பி வைத்திருந்த ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, "மன்னிக்கணும். என் சம்சாரத்துக்காகக் கேக்கறேன். ஓரமா ரெண்டு பேருக்கு இடம் கிடைக்குமா?" என்று குனிந்தார்.

பதில் இல்லை. இன்னும் குனிந்தார். அப்போதும் இல்லை. தரை தொடும்படி குனிந்ததில் அவர் தலை தொப்பிக்காரரின் தோளில் இடித்தது. அந்த மனிதர் சத்தமில்லாமல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். சட்டைக் கையிலிருந்து வைக்கோல் எட்டிப் பார்த்தது.

"பரவாயில்லைங்க. அவருக்கு இடுப்புல வைக்கோல் கம்மி, எப்பவும் சாய்வார்" என்று ஒரு குரல் கேட்டது. கையில் கெட்டிலோடு ஒரு வயதான அம்மாள் வந்துகொண்டிருந்தாள். தொப்பிக்காரரை நிமிர்த்தி உட்கார வைத்து, தூசி தட்டி விட்டாள். "உக்காருங்க. இவங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தொகுஜி சுற்றிலும் பார்த்தார். பொத்தான் கண்கள், நூலால் தைத்த வாய்கள். பாலத்திலிருந்து ஓடி வந்த மிசாவோ வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். சோற்று உருண்டைகளின் மேல் இதழ் விழுந்தது. அவள் எடுத்துப் போடவில்லை.

அம்மாள் தேநீரை ஊற்றி வைத்துவிட்டு நாகரிகமாக நகரப் பார்த்தாள்.

"நீங்க எங்கே போறீங்க?" என்று மிசாவோ அவள் கையைப் பிடித்தாள். "உக்காருங்கக்கா. முட்டைச் சுருள் நிறைய இருக்கு."

"இத்தனை பேரை எதுக்கும்மா செஞ்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் தொகுஜி.

"ஊர்ல நான் ஒருத்திதான் மிச்சம். கூட்டத்தைப் பார்த்தாத்தானே ஜனங்க பஸ்ஸை விட்டு இறங்குவாங்க? அதுக்காகத்தான் வருஷா வருஷம் பொம்மை ஆளுங்க எண்ணிக்கையைக் கூட்டிக்கிட்டே போறேன்" என்றாள் அவள். "என்ன ராசியோ தெரியல, எல்லாரும் ஜன்னல்லயே கும்பிட்டுட்டுப் போயிடறாங்க."

உங்கள் வீட்டு விரிப்பில் எப்போதும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கட்டும், கண்ணுகளா. உட்கார ஆளும் வரட்டும்.