கொக்கட்டிமடுவில் கவலை பூச்சியம்

படுவான்கரை விவசாயிகளின் மனதுக்கும் வைத்தியம் எட்ட வேண்டும் என்று மேலிடம் ஒரு மேலான தீர்மானம் எடுத்தது. நல்ல தீர்மானம். குறை சொல்கிறவன் வாய் புழுத்துப்போகும். எந்த ஊரில் கவலை கூடவோ, அந்த ஊருக்கு மாதம் ஒருமுறை மனநல டொக்டர் நேரில் வருவார். எங்கே கூட என்று அறிவதற்காக உத்தியோகத்தர் உதயரூபன் எங்கள் கொக்கட்டிமடுவில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

இந்தச் சேதி கேட்டு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது இலட்சுமிக்குத்தான். அவள் புருசன் கனகசூரியம் போன மாரி வெள்ளத்தில் வயல் முழுவதையும் பறிகொடுத்தவன். அதற்குப் பிறகு பேச்சில்லை, நித்திரையில்லை. வாவிக்கரையில் போய் நின்று தண்ணீரையே பார்ப்பான். வீட்டிலிருந்த பூச்சிமருந்துப் போத்தலை இலட்சுமி என்னிடம் கொண்டுவந்து தந்தாள்.

"அண்ணே, இது உங்கட வீட்டிலயே கிடக்கட்டும். அவர் கேட்டாலும் குடுத்திராதீங்க."

வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

உதயரூபன் வந்தது அறுவடை நேரம். ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் வயல் வட்டையில், நெல் அடிக்கிற களவெட்டியில் நின்றோம். வெட்டுவதும் அடிப்பதும் இப்போது மெசின்தான். ஆனாலும் நெல் குவிகிற இடத்துக்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. அங்கே "இல்லை", "போச்சு", "கவலை" என்று வாயெடுக்கக் கூடாது. எடுத்தால் பூதம் விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும். நெல்லைக்கூட பொலி என்றுதான் சொல்வோம். உதயரூபனோ சப்பாத்தோடு உள்ளே வந்து, குவியலுக்குப் பக்கத்தில் நின்றபடி கேள்வியைத் தொடங்கினார். முதலில் மாட்டியவர் கமக்காரர் சங்கத் தலைவர் அருமைநாயகம்.

"ஐயா, அண்மைக்காலத்தில் மனச்சோர்வு ஏதும் உணர்ந்தீர்களா?"

"பொலி தம்பி, பொலி."

"நித்திரை எப்பிடி?"

"நிறைஞ்சு கிடக்கு."

"வாழ்ந்து என்ன பயன் என்று எப்போதாவது தோன்றியதா?"

அருமைநாயகம் பதறிப்போய்க் குவியலைத் திரும்பிப் பார்த்தார். "நல்லா விளைஞ்சிருக்கு தம்பி. இன்னும் விளையும்."

மற்றவர்களும் அதையே சொன்னோம். விளைச்சலோடு விளையாட முடியுமா?

அந்த நேரம் பார்த்து இலட்சுமி புருசனைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றாள். "தம்பி, இஞ்ச ஒருக்கா வாங்க. இவர் ஒண்டும் பேசுறார் இல்ல..." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"ஏன்கா களவெட்டிக்குக் கிட்ட வந்து அழுறாய்? ஊருட பொலியைக் கெடுக்கவா?" என்று அருமைநாயகம் பாய்ந்தார்.

"அந்த அம்மாவுக்கு என்ன?" என்று உதயரூபன் கேட்டார்.

"அவவுக்குச் சந்தோசம் தாங்க ஏலாமக் கிடக்கு தம்பி. நீங்க எழுதுங்க."

எழுதினார். கொக்கட்டிமடுவில் கவலை பூச்சியம் என்று அறிக்கை போனது. மேலிடம் புளகாங்கிதம் அடைந்தது. பிரதம அதிதி வந்தார், மாலை விழுந்தது, மங்கள விளக்கு மூன்று தரம் காற்றில் அணைந்து நான்காம் தரம் எரிந்தது. 'மாவட்டத்தின் முதலாவது கவலையற்ற கிராமம்' என்று விருது தந்து ஊர் வாசலில் பலகையும் நட்டார்கள். டொக்டர் வரமாட்டார் என்பது சொல்லாமலே விளங்கியது. அதோடு சுற்றறிக்கை ஒன்றும் பிறந்தது: கவலையற்ற கிராமத்தவரை எந்த மனநலப் பிரிவிலும் பதியலாகாது, பதிந்தால் புள்ளிவிபரம் மாசடையும்.

இலட்சுமி உதயரூபனின் கந்தோருக்கே போனாள்.

"ஐயா, எங்கட வீட்டில மட்டும் கவலை கிடக்கு."

"ஒரு வீட்டுக்காக விருதைத் திருப்பிக் குடுக்க ஏலுமா அம்மா?"

"அப்ப நாங்க எங்க போற?"

"எங்கயும் போகத் தேவையில்ல. சந்தோசமா இருங்க. அதுக்குத்தானே பலகை போட்டிருக்கு."

அவள் விடவில்லை. ஒரு திங்கட்கிழமை புருசனைக் கூட்டிக்கொண்டு வாவியைக் கடந்து எழுவான்கரை ஆசுபத்திரிக்குப் போனாள். எனக்கும் அன்றைக்கு அங்கே ஒரு சோலி. என்ன சோலி என்று கேட்கக் கூடாது.

மனநலப் பிரிவு வாங்கில் எனக்குப் பக்கத்தில், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டபடி அருமைநாயகம் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் வெட்டு மெசின் ஓட்டுகிற மதுஷன். அந்தப் பக்கம் களவெட்டியில் நின்ற மிச்சப் பேர். மூலையில் பேப்பரால் முகத்தை மூடியிருந்தவர் உதயரூபன். ஊர்ப் பேரைச் சொன்னால் இலக்கம் கிடைக்காது என்பதால் நாங்கள் எல்லாரும் பக்கத்து ஊரான ஆத்திமுனை என்றே பதிந்திருந்தோம். உதயரூபனும்தான். உத்தியோகத்தருக்குக் கவலை வரலாமென்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லையே.

இலட்சுமியின் முறை வந்தது. நேர்ஸ் வதனி தலை நிமிராமல், "எந்த ஊர்?" என்றாள்.

இலட்சுமியும் எங்களைப் போல ஆத்திமுனை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் இத்தனை மாதம் பேசாத கனகசூரியம் பேசினான்.

"கொக்கட்டிமடு."

வதனி பேனையைக் கீழே வைத்தாள். "உங்கட ஊரில ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையே ஐயா. நீங்க வீட்ட போங்க."

"பொய் தங்கச்சி. இந்தா இருக்காங்க, எல்லாரும் எங்கட ஊர் ஆக்கள்தான்" என்று இலட்சுமி வாங்கைக் காட்டினாள். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்களன். போத்தல் உங்கட வீட்டிலதானே கிடக்கு."

நான் சுவரில் ஒட்டியிருந்த நுளம்பு ஒழிப்பு நோட்டீசை வாசித்தேன். அருமைநாயகம் இருமினார். கனகசூரியம் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வாசலை நோக்கி நடந்தான். இலட்சுமி அவன் பின்னால் ஓடினாள்.

"ஆத்திமுனை ஆக்கள் ஆர்?" என்று வதனி கேட்டாள்.

நாங்கள் எல்லாரும் ஒன்றாக எழும்பினோம்.