புதுக் கெர்னலும் கறுப்புத் திரையும்

திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரி வீங்கி நின்றபோதும் நிபுணர் அசரவில்லை. ரீஸ்டார்ட் ஆனதும் எந்தக் கம்ப்யூட்டரும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்றார்.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தவன் மச்சினன். கிண்டலுக்கு வைத்தது என்பது அவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காப்பீட்டு அலுவலகத்தில் உத்தியோகம், லீவு நாளில் கம்ப்யூட்டர் வைத்தியம்.

"இதைத் தொடக்கூடாதுன்னு அக்கா சொல்லிட்டுப் போனாளே அத்தான்," என்றான் மச்சினன், சோபாவில் காலை நீட்டிக்கொண்டு.

"உங்க அக்காவுக்கு வீடு வரையத் தெரியும். கம்ப்யூட்டர் தெரியாது."

மனைவி கட்டட வடிவமைப்பாளர். முதல்முறையாக ஒரு பெரிய பங்களா வேலை அவள் பெயரிலேயே வரவிருந்தது. பதினொரு மணிக்கு அலுவலகத்திலிருந்து இன்டர்நெட் வழியாக, ஹாலில் தான் கொண்டுவந்து வைத்திருந்த இந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, பங்களாவைச் சுற்றிக் காட்டும் படத்தைப் பங்களாக்காரரிடம் ஓட்டிக் காட்டப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

அவள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நிபுணர் கெர்னலைப் புதுசாக்கிவிட்டார். உள்ளே உட்கார்ந்து மொத்தத்தையும் ஆட்டி வைக்கிற கெர்னலே பழசாக இருந்தால் படம் எப்படி வழுக்கிக்கொண்டு ஓடும்? பெண்டாட்டிக்கு இந்த உதவிகூடச் செய்யாமல் என்ன புருஷன்?

"திரையில படம் காட்டற கிராஃபிக்ஸ் டிரைவர் பழைய கெர்னலோட பழகினது, மச்சான். புதுசைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்குது. சுத்தமா எடுத்துட்டுத் திரும்பப் போட்டா வழிக்கு வந்துடும்."

எடுத்தார். பூசணிக்காய்களும் போயின. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்சிமிட்டியது.

"இப்பத்தான் சுத்தமா இருக்கு," என்றார்.

டிரைவரை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும். புதுக் கெர்னலுக்கு வைஃபையோடும் ஒத்துப்போகவில்லை.

"பழைய கெர்னலுக்கே போயிடலாமே அத்தான்?"

"போகலாம்தான். இடத்தை அடைக்குதேன்னு அதை அப்பவே அழிச்சிட்டேன்."

மச்சினன் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நிபுணர் தன் போனை ஒயரால் மாட்டி இன்டர்நெட்டுக்கு வழி பண்ணினார். இருக்கிற டிரைவர்களில் ஆகப் புதியதாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துப் போட்டு, ரீஸ்டார்ட் செய்தார். கண்சிமிட்டிய கோடும் காணாமல் போனது.

"கிராஃபிக்ஸ் கார்டு பழசு. புது டிரைவர் அதை மதிக்கலே. பழைய டிரைவரைப் போட்டாப் போதும்."

"திரையே தெரியலையே. எதைப் பார்த்துப் போடுவீங்க?"

"எல்லாம் கைப்பழக்கம்."

கும்மிருட்டில் சாவித் துவாரம் தேடுகிறவர் மாதிரி நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் நீளமாக ஒரு மூச்சு விட்டு அணைந்தது. அதன்பிறகு எந்தப் பட்டனை அமுக்கினாலும் உயிரில்லை.

பதினொன்று எப்போதோ தாண்டியிருந்தது. வாரக்கணக்கில் ஆபீஸே கதியென்று கிடந்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டு அவள் வரைந்த வேலை. அதைத் தானே குழிதோண்டிப் புதைத்துவிட்டதை நினைத்தபோது அழுகையே வரும்போல இருந்தது.

"சொல்லிடுங்க அத்தான். எப்படியும் தெரியத்தானே போகுது," என்றான் மச்சினன். கிண்டல் செய்ய அவனுக்கே மனசு வரவில்லை.

மனைவி போனை எடுக்கவில்லை. அலுவலக எண்ணைப் போட்டார். அவளுடைய உதவியாளர் எடுத்தாள்.

"தப்பு என் மேலதான்மா. வீட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டேன். பங்களாக்காரர்கிட்ட ஒரு நாள் அவகாசம் கேளுங்க. நானே நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கறேன்."

"எதுக்கு சார்? படத்தை இப்பத்தான் பார்த்து முடிச்சார். வேலை மேடத்துக்குத்தான்னு சொல்லிட்டார்."

நிபுணருக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே நெஞ்சும் நிமிர்ந்தது.

"கேட்டியா மச்சான்? அணையறதுக்கு முன்னாடியே படம் போய்ச் சேர்ந்திருக்கு. புதுக் கெர்னலோட வேகம் அப்படி."

போனில் உதவியாளர் அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார், படம் எப்பவும் இங்க ஆபீஸ்லதான் இருக்கு," என்றாள் உதவியாளர். "வீட்ல இருக்கறது நாங்க தூக்கிப் போட வெச்சிருந்த பழைய கம்ப்யூட்டர். முக்கியமான நாள்ல நீங்க உதவி பண்ணக் கிளம்பி இங்க வந்துடக்கூடாதேன்னு மேடம்தான் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."