தேவதாஸ் வீட்டுப் புகை

காலை ஐந்து நாற்பதுக்கு மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு ரைஹானின் தலை எழுந்தது. தொடர்ந்து நான்காவது நாள்.

"ஏனுங்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க."

தேவதாஸ் பாய்லருக்குள் தேங்காய் மட்டையைத் திணித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பொகை எங்கூட்டுக்குள்ள வருதுங்க."

"நெருப்புன்னு இருந்தா பொகை வரத்தானுங்க தம்பி செய்யும்."

"வாஸ்தவமுங்க. ஆனா மத்தவங்க ஊட்டுல இத்தன வர்றதில்லீங்க. பத்த வெக்கற பக்குவத்துல ஏதாச்சும் கொறையுதுங்களோ என்னமோ. சும்மா சொன்னேனுங்க."

தலை இறங்கியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகிறவனை என்ன செய்ய முடியும்?

தேவதாஸ் கணபதிப் பகுதியில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் முப்பத்தொரு வருஷம் உலை பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து செம்புத் தகட்டில் இந்த பாய்லரை அடித்துக் கொடுத்தார்கள். இடுப்பளவு உயரம். அடியில் நெருப்பு, நடுவில் புகைக்குழாய், சுற்றிலும் தண்ணீர். சூலூருக்குக் குடிவந்த ஐந்து வருஷத்தில் அவர் வேறு தண்ணீரில் குளித்ததில்லை.

"இரும்பையே தண்ணியா ஓட உட்டவன் நானு," என்றார் மனைவியிடம். "எனக்குத் தண்ணி சுட வெக்கத் தெரியாதாமா."

"மட்ட ஈரமுங்க," என்றாள் கிளாடிஸ். "உடுமலையில இருந்து வரையிலயே மழையில நனஞ்சுதான் வந்துச்சு. காய வெச்சு, சின்னதாக் கிழிச்சு, கொஞ்சங் கொஞ்சமாப் போடுங்க."

"ஒலைக்கு ஆரு கொஞ்சங் கொஞ்சமாப் போடறாங்க? வாய் வரைக்கும் ரொப்போணும். அப்பத்தான் சூடு நிக்கும்."

மறுநாள் வாய்வரை நிரப்பினார். உள்ளே காற்றுக்கு இடமில்லை. நெருப்பு எரியாமல் கனன்றது. புகை மஞ்சளாக, கெட்டியாக எழுந்து மதிலேறியது.

ஐந்து நாற்பது. தலை.

"ஏனுங்ணா, நேத்து நான் சொன்னதுல ஏதும் கோவமுங்களா?"

"இல்லீங் தம்பி."

"இல்ல, இன்னைக்கு ரெண்டு பங்கா வருதுங்க. அதான் கேட்டுப்போட்டேன்."

அன்று மத்தியானமே தேவதாஸ் புகைக்குழாயின் தலையில் ஒரு வளைவுக் குழாயை மாட்டினார். ரைஹான் வீடு கிழக்கே. வாயை மேற்கே திருப்பி வைத்தார். இனி அவன் வாயைத் திறக்க முடியாது.

அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வந்து திறந்த குழாய்க்குள் நேராக நுழைந்தது. மறுநாள் காலை புகை வந்த வழியே திரும்பி, அடுப்பு வாய் வழியாக வெளியேறி, குளியலறை ஜன்னலுக்குள் புகுந்தது. உள்ளே தேவதாஸ் முகத்துக்குச் சோப்புப் போட்டிருந்தார்.

இருமிக்கொண்டே தடவித் தடவி மறுபக்கத்து ஜன்னலைத் திறந்தார். புகை நிம்மதியாக வெளியே போனது. அந்த ஜன்னலுக்கு எதிரே ரைஹானின் சமையலறை.

"ஏனுங்ணா," என்றது மதில். "பாத்ரூம்லயும் அடுப்பு வெச்சுட்டீங்களா?"

தேவதாஸ் சோப்பு நுரையோடு நின்றார். அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அவன் கேக்கறதப் பாத்தியா? கிண்டல்."

"கிண்டல் இல்லீங்க. பாவம், நெசமாத்தான் கேக்குது அந்தப் பையன்," என்றாள் கிளாடிஸ். "அந்த வளைவக் கழட்டிப்போட்டு, கொழாயக் கொஞ்சம் கூட்டி உடுங்க. உள்ள கரி அப்பிக் கெடக்குது."

"உன்ற பக்கம் நாயமே கெடையாதா? காத்து பத்தல. அவ்வளவுதான் விசயம்."

பவுண்டரியில் உடன் வேலை பார்த்த ராமுலுவிடம் ஒரு சின்ன புளோயர் இருந்தது. அதை வாங்கி வந்து நெருப்புக்கு அடியிலுள்ள சாம்பல் கதவுக்கு முன்னால் வைத்து சுவிட்சைப் போட்டார். பாய்லர் பஸ்போல உறுமியது. ஐந்து வருஷக் கரி குழாய்க்குள் தீப்பிடித்தது. குழாயின் நடுப்பகுதி செக்கச் சிவந்தது. கிளாடிஸ் ஓடிவந்து புளோயரை நிறுத்தி, சாம்பல் கதவைச் சாத்தினாள். அதற்குள் மிச்சக் கரி வானத்துக்குப் போய்விட்டது.

ரைஹான் ஜவுளிக்கடையில் வேலை செய்பவன். வெள்ளைச் சட்டை தவிர வேறு போடமாட்டான். மாடியில் ஏழு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

ஒவ்வொன்றாக மதிலுக்கு மேல் பிடித்துக் காட்டினான்.

"இதுல உங்குளுது இருக்குதுங்க. இதுலயும் இருக்குதுங்க. இது வெள்ளிக்கெழம தொழுகைக்குப் போடறதுங்க."

ஏழாவதையும் காட்டி முடித்து, ஒரு காகிதத்தை நீட்டினான்.

"சுகாதார ஆபீசுல ஒரு மனு குடுத்திருக்கறனுங்க. வருத்தந்தானுங்க. நகல் உங்குளுக்குங்க."

மனுவில் அவர் பெயருக்கு முன்னால் 'மரியாதைக்குரிய அண்ணன்' என்று எழுதியிருந்தான். அதைத்தான் தேவதாஸ் திரும்பத் திரும்பப் படித்தார்.

மறுநாள் காலை சுகாதார ஆய்வாளர் நவ்யா வந்தாள். சின்ன வயது. டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தாள்.

"இதக் கூட்டி எத்தன நாளாச்சுங்க?"

"பாய்லர் கொழாய ஆருங்க கூட்டுவாங்க?"

"மாசம் ஒருக்கா கூட்டோணுமுங்க. இல்லீன்னா நேத்து மாதிரி கொழாயே பத்திக்கும். வளைவக் கழட்டிருங்க. நல்லாக் காஞ்சதச் சின்னதா ஒடச்சு, கொஞ்சமாப் போடுங்க. சாம்பல் கதவத் தெறந்து வெய்யுங்க, காத்துத் தானா வரும்."

ஒவ்வொரு சொல்லுக்கும் கிளாடிஸ் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நான் முப்பத்தொரு வருசம் ஒலை பாத்தவனுங்க."

"அப்ப உங்குளுக்குச் சொல்ல வேண்டீதில்லீங்க. நாளைக்குக் காத்தால நீங்க பத்த வெக்கற நேரத்துக்கு வாரேன். பொகை வந்துச்சுன்னா பாய்லரக் கழட்டச் சொல்லித்தான் எழுதோணும்."

"நாளைக்குப் பொகையே வராதுங்க," என்றார் தேவதாஸ்.

சாயங்காலத்துக்குள் கிளாடிஸ் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். குழாயைக் கூட்டியாகிவிட்டது. வளைவு கழன்றது. மொட்டை மாடியில் இரண்டு நாளாக அவள் காயவைத்திருந்த மட்டை, விரல் தடிமனுக்குக் கிழிந்து கூடையில் இருந்தது.

"இனிப் பத்த வெக்கறது மட்டுந்தானுங்க பாக்கி."

"பத்த வெக்க மாட்டேன்."

"ஏனுங்க?"

"பொகை வரக்கூடாது. அவ்வளவுதான? வராது. கண்டவங்க சொல்லிக் குடுத்து நான் நெருப்புப் பத்த வெக்கறதாக்கும்? நாளையில இருந்து பச்சத்தண்ணி."

"நீங்க பச்சத்தண்ணில குளிச்சுக்குங்க. பாய்லரப் பத்த மட்டும் வெச்சுருங்களே."

"நான் குளிக்காத தண்ணிய எதுக்குச் சுட வெக்கோணும்? உனக்குத்தான் எப்பவும் பச்சத்தண்ணியாச்சே."

கிளாடிஸ் கூடையைப் பார்த்தாள்.

காலையில் தேவதாஸ் பச்சைத்தண்ணீரில் குளித்தார். முதல் சொம்புக்கு ஜெபம் சொன்னார். இரண்டாவது சொம்புக்கு ரைஹானைச் சொன்னார். மங்கிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு பாய்லருக்குக் காவலாக உட்கார்ந்தார். பல் கிட்டியது. ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

சொன்னபடி நவ்யா வந்தாள். பாய்லரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். குழாயின் உச்சியைப் பார்த்தாள்.

"பொகை இல்லீங்க."

"இல்லீங்கள்ல? அதயே எழுதுங்க. பாய்லர் இருக்கலாமுன்னு எழுதுங்க."

"பத்தவே வெக்கலீங்களே. நான் எதைன்னு எழுதறது?"

"பொகை வந்தாக் கழட்டோணும்னீங்க. வரல. அந்தத் தம்பியையே கேட்டுருவோம், இருங்க. டைமுக்கு வந்துருவான்."

ஐந்து நாற்பது. தலை வரவில்லை. ஐந்து நாற்பத்தைந்து. வரவில்லை.

"பாத்தீங்களா," என்றார் தேவதாஸ். "பேச மொகமில்ல."

நவ்யா சாம்பல் கதவைத் திறந்து உள்ளே பார்க்கக் குனிந்தாள். அவள் என்ன குறை கண்டுபிடிக்கிறாள் என்று பார்க்கத் தேவதாஸும் கூடவே குனிந்தார். பாய்லர் இருவரையும் மறைத்தது. கிளாடிஸ் மட்டும் கூடையோடு நின்றிருந்தாள்.

மதிலின் மேல் காலி பக்கெட் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதன் பின்னால் ரைஹானின் மனைவி அஃப்ராவின் முகம்.

"அக்கா, இன்னைக்கு ஏனுங்க சுடுதண்ணி இன்னும் வரல? எங்கூட்டு கீசர் கெட்டுப்போயி எட்டு மாசமாச்சுன்னு அவருக்குத் தெரியாது, அங்க துண்டக் கட்டிட்டு நிக்கறாருங்க."