முதலீட்டாளர் முன்னிலை, நந்தகுமார் நன்றியுரை

உலகப் பொருளாதாரம் நியூயார்க்கில் முடிவாகிறது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பாவம், அவர்கள் விருத்தாசலம் பீங்கான் பேட்டையைப் பார்த்ததில்லை. 2007-ல் தன் சூளையில் சுட்ட பொம்மைகளை இன்டர்நெட்டில் விற்கத் தொடங்கிய நந்தகுமாரைத் தேடி, சென்னையிலிருந்து 'மூலதனம்' காரில் வந்து இறங்கியது.

மூலதனத்தின் பெயர் செந்தமிழன். பேச்சு முக்கால்வாசி இங்கிலீஷ். கையில் தலையணை கனத்தில் ஒப்பந்தம்.

"போர்டுல மூணு சீட் சார். ரெண்டு எங்களுக்கு, ஒண்ணு உங்களுக்கு. மெஜாரிட்டி சொல்றதுதான் முடிவு. ஒரு லாயரை வெச்சுப் படிச்சிடுங்க."

நந்தகுமாருக்கு மனசு நொந்துவிட்டது. கோயில் விழாவோ, பள்ளிக்கூட விழாவோ, வெளியூர்ப் பெரியவர்களைத் தலைமை, முன்னிலை என்று நோட்டீசின் உச்சியில் போடுவதும், மாடாய் உழைத்தவன் கடைசியில் நன்றியுரை சொல்வதும்தானே முறை? உச்சியில் பேர் போட்டதற்காக எவனாவது கோயிலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறானா?

"வூட்டுக்கு வந்தவங்கள வக்கீல வெச்சுப் பாக்குற ஊரு இல்லைங்க இது. மூணு சீட்டையும் நீங்களே வெச்சிக்கிங்க. நான் நன்றியுரை சொல்லிக்கிறேன்."

செந்தமிழன் நெகிழ்ந்துபோனார். "ஒண்ணாவது உங்ககிட்ட இருக்கட்டும் சார்" என்று பெருந்தன்மையோடு மறுத்தார்.

நந்தகுமார் படிக்காமலே கையெழுத்துப் போடும்போது மனைவி பூர்ணிமா மட்டும் கேட்டாள்: "அவங்க ரெண்டு பேரும் சேந்து சூளைய மூடுன்னா என்னா பண்ணுவீங்க?"

"மேடையில ஒக்காந்தவங்க எங்கயாச்சும் அப்பிடிச் சொல்லுவாங்களா?"

சொன்னார்கள்.

முதல் போர்டு மீட்டிங்கைக் கல்யாண மண்டபத்தில் வைத்தார் நந்தகுமார். குத்துவிளக்கு, மைக் செட்டு, பொன்னாடை. சூளையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் முன்வரிசையில். செந்தமிழனும் கூட வந்த, டை கட்டிய இன்னொருவரும் பொன்னாடை போர்த்திக்கொண்டு தீர்மானங்களை வாசித்தார்கள். பொம்மைகள் இனி சீனாவிலிருந்து வரும், சூளை மூடப்படும்: இரண்டு கைகள் உயர்ந்தன. நிர்வாக இயக்குநர் நந்தகுமார் 'விடுவிக்கப்படுகிறார்': அதே இரண்டு கைகள். இவ்வளவு சுருக்கமான ஜனநாயகத்தை அந்த மண்டபம் கண்டதில்லை.

பொம்மைகளுக்குக் கண் எழுதும் பூவாயி எழுந்து நின்றாள். "அப்ப நாளைக்கு நாங்க வேலைக்கு வர்றதா, வாணாமா?"

செந்தமிழன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். நிகழ்ச்சி நிரலில் மிச்சமிருந்தது நன்றியுரைதான். நந்தகுமார் மைக்கைப் பிடித்தார்.

"பூவாயி, ஒப்பந்தத்த விழா நோட்டீசுன்னு நெனச்சு உங்களையும் சேத்து எழுதிக் குடுத்துட்டேன், தப்பு என்னுது. பூட்ட ஒடைச்சித் திருடுனவங்கள இந்த ஊரு பாத்திருக்குது. சாவி குடுத்தவனையே நன்றி சொல்ல வெச்சவங்கள இன்னைக்குத்தான் பாக்குது. நன்றி, வணக்கம்!"