மாமா கேட்ட ஏலமும் நான் அளந்த வீடும்

புதன்கிழமை, மதிய இடைவேளை

என்றும் மரியாதைக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதைப் போன வாரம் தொலைபேசியில் கேட்டுச் சந்தோஷப்பட்டோம். இங்கே உங்கள் தம்பியான என் வீட்டுக்காரர் சுகம், நான் சுகம், உங்கள் அப்பாவான மாமாவும் சுகம். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதைத் தவிர வேறு குறை இல்லை. இதையும் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனைக் கையில் எடுத்தாலே மாமா படிக்கிற பேப்பரைக் காதுக்குக் கீழே இறக்கிவிடுகிறார். அதனால் அலுவலகத்தில், பத்துப் பேர் சாப்பாட்டு டப்பா திறக்கிற சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றே விரைவுத் தபாலில் போட்டால் நாளைக்கு உங்கள் கையில் இருக்கும்.

மாமா வெள்ளிக்கிழமை காலை ரயிலில் உங்கள் வீட்டுக்குக் கிளம்புகிறார். ஒரு வாரம் தங்கிவிட்டு வர அல்ல, இனிமேல் அங்கேதானாம். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறோம் என்று சொல்லுங்கள், குழாய் உடைந்துவிட்டது என்று சொல்லுங்கள், என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். பெற்ற மகளிடம் இப்படிக் கேட்கிறாளே என்று கோபப்படுவதற்கு முன் மீதியையும் படித்துவிடுங்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் நகராட்சியில் வீட்டு வரிப் பிரிவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் எல்லா வீடுகளையும் புதிதாக அளந்து, பரப்பளவைப் பார்த்து வரி போடச் சொல்லி உத்தரவு. எங்கள் மேலதிகாரி, "உங்க வீட்டுலேர்ந்தே ஆரம்பிங்கம்மா, அப்பதான் நாளைக்கு யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க" என்றார். ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் வாயைத் திறக்கவில்லை, அதுதான் சிக்கல். மாமா முப்பத்து நாலு வருடம் ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்த சர்வேயர். தன் அறையில் மருமகள் டேப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்வதை நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். "காலைக் கொஞ்சம் தூக்குங்க மாமா" என்றேன். தூக்கினார். நாங்கள் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அதுதான்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் ஆரம்பித்தது. "வீடு என்னம்மா சம்பாதிக்குது? கூரை மாசாமாசம் சம்பளம் வாங்குதா? எழுபத்தாறு வயசுல பென்ஷன்ல இருக்கேன். வீடு பெருசு, வருமானம் சிறுசு. நான் எதை வெச்சுக் கட்டறது?" என்றார். "தெருவுல சாக்கடை ஓடணுமே மாமா, அதுக்கு யார் குடுக்கறது?" என்றேன். "சம்பாதிக்கிறவன் குடுக்கட்டும்." "சம்பாதிக்கிறவன்லாம் வாடகை வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கான் மாமா. பெரிய வீட்டுக்காரங்கதான் குடுக்கணும்." அண்ணி, அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பென்ஷனை மட்டும் நம்பி இருக்கிறவர்களுக்குத் தள்ளுபடி வேண்டும் என்று நானே ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன். அதை மட்டும் மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தோற்றுவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. நாற்பத்தாறு வயதில் இந்தப் புத்தி.

இத்தோடு நின்றிருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். ஆனால் எங்கள் வார்டில் தேர்தல் வருகிறது. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் நிற்கிறார். வீட்டு வரியைப் பாதியாக்குவாராம், தெருவிளக்கை இரண்டு மடங்காக்குவாராம். மாமா அவருக்காக வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கிறார். எங்கள் பிரிவுக் கணக்கைப் பார்க்கிற எனக்கு வயிறு எரிந்தது. கிளப்பில் நானும் மாமாவும் ஜோடியாக ஆடுகிற பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் அவரைப் போலக் கறாரான ஆள் கிடையாது. கையில் இருக்கிற சீட்டுக்கு மேல் ஒரு படி கூட ஏலம் கேட்க மாட்டார், யாராவது கேட்டாலும் பொறுக்க மாட்டார். அதனால் கேட்டுவிட்டேன்: "மாமா, இந்தக் கண்ணாடிக் கடைக்காரர் உங்களுக்குத் துணையா எதிர்ல உட்கார்ந்து, ஒண்ணுமில்லாத கையை வெச்சுக்கிட்டு பதிமூணு பிடியையும் எடுத்துக் காட்டறேன்னு ஏலம் கேட்டா, நீங்க எழுந்து வீட்டுக்கு வந்துட மாட்டீங்க?" மாமா தட்டைத் தள்ளினார். "சீட்டு வேற, ஓட்டு வேற" என்றார். அதோடு பேச்சு நின்றது. மறுநாள் காலை தபாலில் வரி நோட்டீஸ் வந்தது. அடியில் என் கையெழுத்து.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேசாமல் இருந்ததில் கிளப் போட்டியில் எங்கள் ஆட்டம் கெடவில்லை. உங்களுக்கு இந்த ஆட்டம் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். எதிரெதிராக உட்கார்ந்திருக்கிற இருவர் ஒரு ஜோடி. நாலு பேரும் ஒவ்வொரு சீட்டாகப் போட, பெரிய சீட்டுக்காரர் எடுப்பது ஒரு பிடி; எந்த ஜாதிச் சீட்டு துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று முதலில் ஏலம். அந்த ஏலத்தைத் தவிரத் துணையிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, புருவத்தைக்கூடத் தூக்கக் கூடாது. எங்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது. வழக்கமாக ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நீ ஏன் அதைப் போட்டாய், நான் ஏன் இதைப் போட்டேன் என்று விடிய விடியப் பேசுவோம், அடுத்த ஆட்டத்தில் அந்தக் கோபத்தோடு உட்காருவோம். இந்த முறை அது இல்லை. இரண்டு சுற்று வரிசையாக ஜெயித்தோம். கிளப் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இறுதிச் சுற்று முடியற வரைக்கும் சமாதானம் ஆகிடாதீங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. எங்கள் மேசைக்கு வந்த எதிர் ஜோடி யார் என்று நினைக்கிறீர்கள், கண்ணாடிக் கடைக்காரரும் அவருக்குத் துணையாக ஒரு பல் டாக்டரும். "ஜெயிச்சு வந்ததும் முதல் வேலை, உங்க டேப்பைச் சுருட்டி உள்ள வைக்கிறதுதாம்மா" என்றார் கடைக்காரர், சீட்டைப் பிரித்தபடியே. மாமா சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பதினோரு நாளாக அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். வந்தது, யாருக்காக வந்தது பாருங்கள். அந்த எரிச்சலோடு என் சீட்டை எடுத்தேன். நல்ல கை. துருப்பு இல்லாத ஆட்டத்துக்கு ஏலத்தைத் தொடங்கினேன். கடைக்காரர் பாஸ். மாமா என் தலைக்கு மேலே இருக்கிற கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு ஹார்ட்" என்றார்.

இங்கேதான் கவனியுங்கள் அண்ணி. எங்களுக்குள் பல வருட ஏற்பாடு ஒன்று உண்டு, பிரிட்ஜ் ஆடுகிற பாதிப் பேருக்கு உண்டு. நான் அப்படித் தொடங்கிய பிறகு அவர் ரெண்டு ஹார்ட் என்றால், கையில் ஹார்ட் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஸ்பேட் நிறைய இருக்கிறது, அதை நீ சொல் என்று அர்த்தம். அப்போதுதான் பலமான என் கை மூடியே இருக்கும், ஆட்டத்தை நான் ஆடலாம். நான் செய்ய வேண்டியதெல்லாம் "ரெண்டு ஸ்பேட்" என்று சொல்வது. போன மாதம் கிளப்பில் சேர்ந்த மாவு மில்காரருக்குக்கூட இது தெரியும். நான் என் கையைப் பார்த்தேன். நாலு ஹார்ட் இருந்தது, ஏஸும் ராஜாவும் அதில். "பாஸ்" என்றேன்.

சொன்ன மறு நொடியே தெரிந்துவிட்டது. சொன்னதைத் திரும்பப் பெற முடியாது, மன்னியுங்கள் என்று கண்ணால்கூடக் காட்ட முடியாது. ஹார்டை முதலில் சொன்னவர் மாமா, அதனால் ஆட்டம் அவருடையது. நான் சீட்டையெல்லாம் மேசையில் விரித்து வைத்துவிட்டு டம்மியாக உட்கார வேண்டும். என் ஸ்பேடை வரிசையாக வைத்தேன்: ராஜா, ராணி, ஏழு. மாமா அதைப் பார்த்தார். அவர் கையில் ஆறு ஸ்பேட், ஒரே ஒரு ஹார்ட் என்று அப்போது எனக்குத் தெரியாது, ஆனால் அவர் காது சிவந்தது. ஏலத்தில் ரெண்டு என்றால் ஆறுக்கு மேல் இரண்டு, அப்படி எட்டுப் பிடி எடுக்க வேண்டிய இடத்தில் ஐந்து. டம்மியின் சீட்டில் எதைப் போட வேண்டும் என்று ஆடுகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் இல்லையா, "ராஜா," "சின்னது," "சின்னது" என்று அவர் சொல்லச் சொல்ல நான் எடுத்துப் போட்டேன். பதினோரு நாளில் அவர் என்னிடம் அதிகம் பேசியது அந்தப் பத்து நிமிஷத்தில்தான். அப்படியும் மொத்தக் கணக்கில் அரைப் புள்ளி வித்தியாசத்தில் இறுதிச் சுற்றுக்குத் தேறிவிட்டோம். வருகிற சனிக்கிழமை ஆட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மாமா உங்கள் தம்பியைக் கூப்பிட்டு, "உன் பெண்டாட்டி வேணும்னுதான் பண்ணினா" என்றார். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். உங்கள் தம்பி என் பக்கம் திரும்பி, "நீ வேணும்னுதான் பண்ணினியாம்" என்றார். "இல்லைன்னு சொல்லுங்க." "இல்லையாம்ப்பா." "ரெண்டு ஸ்பேட்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்றதுக்கு வாய் வலிச்சுதான்னு கேளு." "வாய் வலிச்சுதா?" உங்கள் தம்பி கால்நடை மருத்துவர், நாள் பூராவும் வாயில்லாத ஜீவன்களோடு நிம்மதியாக இருந்துவிட்டு வருகிற மனுஷன். அன்றைக்கு அப்படியே மாட்டுக் கொட்டகைக்குத் திரும்பிப் போயிருப்பார், பாவம். கடைசியில் மாமா, "வெள்ளிக்கிழமை பெரியவ வீட்டுக்குப் போறேன், இனிமே அங்கதான்னு சொல்லிடு" என்று மாடிக்குப் போய்விட்டார். அதை மட்டும் உங்கள் தம்பி எனக்கு எடுத்துச் சொல்லவில்லை.

வேண்டுமென்றே செய்தேனா என்று மூன்று நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சத்தியமாக இல்லை. ஆனால் வெறும் மறதியும் இல்லை. பதினோரு நாளாக அவர் வாயிலிருந்து எனக்கு ஒத்துப்போகிற மாதிரி ஒரு வார்த்தை வராதா என்று காத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு ஹார்ட் என்றார், என் கையிலும் இருந்தது, போதும், இதற்கு மேல் யாரும் எதுவும் பேச வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். இதைக் கிளப்பில் சொன்னால் சிரிப்பார்கள். மாமாவிடம் சொல்லலாம், ஆனால் அதற்கு முதலில் பேச வேண்டும். நேற்றும் முந்தாநாளும் போகாதீங்க மாமா என்று சொல்லிவிடுவதாக மாடிப்படி வரை போனேன். போய், "தண்ணி வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று உங்கள் தம்பியிடம் சொன்னேன். உங்கள் தம்பி அப்போது வீட்டிலேயே இல்லை.

இறுதிச் சுற்றுக்காகத்தான் இவள் தவிக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நேற்று செயலாளர் வேறு துணை ஏற்பாடு செய்வதாகச் சொன்னார், நல்ல ஆட்டக்காரர், வம்புதும்பு கிடையாதாம். அவர் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் வேண்டாம் என்றுவிட்டேன். என்னோடு சண்டை போட வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், உங்கள் தம்பியா? அங்கே வந்தால் உங்களுக்கும் கஷ்டம்தான். அண்ணன் எந்தக் கட்சி என்பது எனக்குத் தெரியும், மாமாவுக்கு இன்னும் தெரியாது. ஆகவே பெயின்ட் அடியுங்கள் அண்ணி. உண்மையிலேயே அடிக்க வேண்டியிருந்தாலும் பாதிச் செலவு நாங்கள் தருகிறோம்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், நன்றாகப் படிக்கட்டும், நன்றாகச் சாப்பிடட்டும், சீட்டு மட்டும் பழக வேண்டாம். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் குறைந்த பேச்சோடும் இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் மேல் எப்போதும் அன்புள்ள,
தம்பி மனைவி

பி.கு.: வியாழன் மாலை. நேற்று ஒட்டிப் பையில் வைத்தவள் தபாலில் சேர்க்காமலே விட்டுவிட்டேன், பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம், பெயின்ட் வேண்டாம். இன்று பத்து மணிக்கு மாமா என் அலுவலகத்துக்கு வந்தார். டோக்கன் எடுத்து, வரிசையில் ஏழாவது ஆளாக நின்று, முறை வந்ததும் என் மேசையில் ஒரு ஆட்சேபணை மனுவை வைத்தார். 'மதிப்பிற்குரிய அலுவலர் அம்மையீர்' என்று ஆரம்பம். மூன்று நாளில் மூன்று தடவை அளந்ததாகவும், மாடிப்படி திரும்புகிற இடத்தை அலுவலர் விட்டுவிட்டதாகவும், அளவு நாற்பத்திரண்டு சதுர அடி குறைவு என்றும், அதைத் திருத்தித் தர வேண்டும் என்றும், வரைபடத்தோடு. "மாமா, இதைக் குடுத்தா வரி ஏறும்" என்றேன். "வரி அநியாயம்தான். அதுக்காக அளவு தப்பா இருக்கலாமா?" என்றார். நேராக என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மனு வந்தால் விசாரணைத் தேதி கொடுக்க வேண்டும், அதை எழுதுவது என் வேலை. அடுத்த வாரமே காலியாக இருந்தது. நான் பதிவேட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போய், நாலு மாதம் தள்ளி ஒரு தேதியை எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். தூரப் பிடித்துப் படித்தார். "அதுவரைக்கும் மனுதாரர் ஊரை விட்டு நகரக் கூடாதா?" என்றார். "கூடாது மாமா. சட்டம் அப்படி" என்றேன். அப்படி ஒரு சட்டம் கிடையாது, அண்ணி. நிலத் தகராறுகளுக்கு முப்பத்து நாலு வருடம் சாட்சி சொன்னவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். "சட்டம்னா சரி" என்று ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.