கண்ணைப் பார்க்காமல் கண்ணைச் சோதிக்கும் முறை

அரசு அலுவலகத்துக்கு எந்த நோயும் முதலில் சுற்றறிக்கையாகத்தான் வரும். ஆளுக்கு வருவது அதற்கப்புறம். 1996 ஐப்பசியில் மெட்ராஸ் ஐ எங்கள் அலுவலகத்துக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பல்லடத்திலிருந்து வெள்ளகோவில் போகிற ரோட்டில் இருந்தது அந்த அலுவலகம். ஊர் பெயர் வேண்டாம். நான் இன்னும் பென்ஷன் வாங்குகிறவன். அப்போது அங்கே தட்டச்சர். சூப்பரின்டெண்ட் சுந்தரராஜுலுவையும் என்னையும் சேர்த்து மொத்தம் பத்தொன்பது பேர். தண்ணீர் பிடித்து வைக்கவும் கூட்டிப் பெருக்கவும் தினக்கூலிக்கு தாஜுன்னிசா என்று ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். பட்டியலில் பெயர் இல்லாததால் அவளை நாங்கள் எண்ணுவதில்லை.

சுற்றறிக்கை தெளிவாக இருந்தது. செங்கண் நோய் கண்ட பணியாளருக்கு ஐந்து நாள் சிறப்பு விடுப்பு வழங்கலாம். வழங்கும் முன்னர், மேலதிகாரி மேற்படியாரின் கண்ணை நேரில் பார்த்துத் திருப்தி அடைதல் வேண்டும்.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது, சுந்தரராஜுலு முப்பத்தொரு வருஷ சர்வீஸில் எதிலும் திருப்தி அடைந்தவர் இல்லை. இரண்டாவது, மெட்ராஸ் ஐ உள்ளவர் கண்ணைப் பார்த்தாலே நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது கோயமுத்தூர் ஜில்லாவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஞ்ஞானம்.

முதலில் வந்தவன் தபால் பிரிவு தம்பிதுரை. பஸ் ஸ்டாண்டில் இருபது ரூபாய்க்கு வாங்கிய கூலிங் கிளாஸ், மேல் பொத்தான் போடாத சட்டை, சினிமாவில் இடைவேளைக்கு முன்னால் வருகிற நடை. பக்கத்துப் பிரிவுப் பெண்கள் பார்க்கும்படியாக ஒருதரம் திரும்பி நின்றுவிட்டு உள்ளே போனான்.

“சார், மெட்ராஸ் ஐ வந்துருச்சுங்க.”

சூப்பரின்டெண்ட் சட்டென்று ஒரு ஃபைலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். “எந்தக் கண்ணுங்க தம்பிதுரை?”

“ரெண்டும்தானுங்க. கழட்டிக் காட்டட்டுங்களா?”

“கழட்டிப்போடாதீங்க! எனக்கும் ஒட்டிக்கிச்சுன்னா நானும் லீவுல போகோணும். அப்புறம் உங்க லீவை யாருங்க சேங்ஷன் பண்றது?”

நியாயமான கேள்வி. கண்ணைப் பார்க்காமல் கண்ணைப் பார்ப்பது எப்படி என்று இரண்டு நாள் ஆலோசனை நடந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்றார் ஒருவர். கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தால் வேகம் கூடிவிடும் என்றார் இன்னொருவர். ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துச் சமர்ப்பிக்கலாம் என்றால், பிரிண்ட் வருவதற்குள் கண் வெளுத்துவிடும். கடைசியில் சூப்பரின்டெண்டே வழி கண்டுபிடித்தார். மெட்ராஸ் ஐ வந்தவர் கூலிங் கிளாஸ் போடுகிறார். ஆகவே, கூலிங் கிளாஸ் போட்டிருப்பவருக்கு மெட்ராஸ் ஐ வந்திருக்கிறது. போட்டிராதவருக்கு வரவில்லை. “சந்தேகத்துக்கே எடமில்லீங்க” என்று கோப்பில் ஒப்பமிட்டார்.

எல்லாரிடமும் கூலிங் கிளாஸ் இல்லை. எனவே அலுவலகத்துக்கென்று ஒன்று வாங்கி, நம்பர் போட்டு, ஜன்னல் பக்கம் ஆணியில் மாட்டினோம். நோயாளி அதை எடுத்துப் போட்டுக்கொண்டு சூப்பரின்டெண்ட் முன்னால் நிற்க வேண்டியது. அவர் கழற்றச் சொல்லாமல் திருப்தி அடைவார். அடுத்தவர் கண்ணாடியைச் சூப்பரின்டெண்டின் குற்றாலத் துண்டால் துடைத்து மாட்டிக்கொள்வார். நானும் போட்டேன். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அந்த ஐந்து நாளில் கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் ஆசை தீரக் குளித்து வந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இப்போது.

சூப்பரின்டெண்டும் தற்காப்புக்காக ஒரு கூலிங் கிளாஸ் வாங்கினார். அவர் போட்டதும் அது மரியாதைக்குரிய பொருளாகிவிட்டது; ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டோம். நோய் உள்ளவர்கள் அடையாளத்துக்கும் இல்லாதவர்கள் பாதுகாப்புக்கும் போட, கரண்ட் போன மத்தியானங்களில் பத்தொன்பது பேரும் சுவரைத் தடவிக்கொண்டுதான் சாப்பிடப் போனோம்.

இந்த நிலையில்தான் ஒரு வியாழக்கிழமை பூவாத்தாள் வந்தாள்.

தறிக்குடோனில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முந்தானையைச் சுருட்டி வலது கண்ணில் அழுத்தியபடி, மேசை மேசையாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். வியாழன்தோறும் கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரி வேன் எங்கள் வாசலுக்கு வரும். ஒரு மணிக்குக் கிளம்பிவிடும். ஏறுவதற்கு எங்கள் அலுவலகக் கடிதம் வேண்டும். முன்பெல்லாம் வேண்டியதில்லை. ஒருமுறை ஏறினவர்களில் பாதிப் பேர் காந்திபுரத்தில் இறங்கி ஜவுளிக்கடைக்குப் போய்விட்டார்கள். அதிலிருந்து இந்த விதி.

“ஏனுங்க சார், நேத்துப் புடிச்சு கண்ணு வலி உசுரு போகுதுங்க. தலை வெடிக்குது. வர்ற வழியில பஸ்ஸுல ரெண்டு தடவை வாந்தி எடுத்துப்போட்டேன். லைட்டைப் பார்த்தா சுத்தியும் வானவில்லாட்டம் வளையம் தெரியுதுங்க. எனக்கு எடது கண்ணு சின்னதுலயே போயிருச்சு. இருக்கறது இது ஒண்ணுதானுங்க.”

சூப்பரின்டெண்ட் ஃபைலைத் தூக்கிப் பிடித்தார். எங்கள் சீமையில் ஒருவரை விரட்டுவதானாலும் மரியாதை குறையாது.

“உக்காருங்க அம்மணி. நீங்க கண்ணாடி போட்டிருக்கறீங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப உங்களுக்குக் கண் நோயே இல்லீங்களே! இல்லாத நோய்க்கு நான் எப்படிங்க லெட்டர் குடுக்கறது?”

பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மனசு பொறுக்கவில்லை. ஆணியில் இருந்த கண்ணாடியை எடுக்கப் போனேன். தண்ணீர்க் குடத்தோடு வந்த தாஜுன்னிசா, “அது வேண்டாங்க சார், ஊரே போட்டது” என்று தடுத்து, வாசலில் யாரிடமோ புதிதாக ஒன்று இரவல் வாங்கி வந்து பூவாத்தாளுக்கு மாட்டிவிட்டாள்.

“இப்பப் போட்டிருக்கறாங்க சார்” என்றேன்.

சூப்பரின்டெண்ட் மகிழ்ந்துபோனார். “அப்ப இது மெட்ராஸ் ஐ. சந்தேகமே இல்லீங்க. அஞ்சு நாள்ல தானாப் போயிரும். இதுக்கு எதுக்குங்க கோயமுத்தூர் ஆஸ்பத்திரி? ஊட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க அம்மணி.”

கண்ணாடி போடாவிட்டால் நோய் இல்லை. போட்டால் ஆஸ்பத்திரி தேவையில்லை. விதியில் ஓர் ஓட்டை கிடையாது. அந்த அம்மாள் பெஞ்சில் சாய்ந்து, “தெய்வமே, இதையும் எடுத்துப்போடாதே” என்று முனகினாள். மணி பன்னிரண்டரை.

தாஜுன்னிசா குடத்தை இறக்கி வைத்தாள். நேரே போய்ப் பூவாத்தாளின் கண்ணாடியைக் கழற்றி, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, பக்கத்தில் குனிந்து பார்த்தாள். நாங்கள் எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

“இது மெட்ராஸ் ஐ இல்லீங்க சார். பீளையே இல்லை. கருவிழி பனி புடிச்சாப்ல மங்கலா இருக்குது, நடுப்பாப்பா பெருசா விரிஞ்சுபோய் நிக்குது. எங்க மாமியாளுக்கு இப்படித்தான் வந்தது. ரெண்டு நாள் சும்மா இருந்துபோட்டோம், பார்வையே போயிருச்சு.” என்னிடம் வந்து மெல்லச் சொன்னாள்: “நீங்க லெட்டரை அடிங்க. லீவு பேப்பரோட சேர்த்து வெச்சுப்போடுங்க. அவரு எதைப் படிக்கறாரு?”

அடித்தேன். அவசரத்தில் இரண்டு எழுத்து தப்பாக விழுந்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சூப்பரின்டெண்ட் பதினோரு விடுப்பு விண்ணப்பங்களோடு அதிலும் கையெழுத்துப் போட்டு, “ஒடம்பைப் பார்த்துக்கங்க” என்று பொதுவாகச் சொன்னார்.

வேனில் வந்த நர்ஸ் மதிவதனி பூவாத்தாளைத் தாங்கி ஏற்றிவிட்டு, எங்கள் ஆணியையும் துண்டையும் ஒரு நிமிஷம் பார்த்தாள். “மெட்ராஸ் ஐ பார்த்தா வராதுங்க சார். நோய் வந்தவங்க தொட்ட கண்ணாடி, துண்டு, கை, இதுலதான் பரவும். சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, போதும்.”

“அதுக்குச் சுற்றறிக்கை இருக்குதுங்களா?” என்று கேட்டார் சூப்பரின்டெண்ட். இல்லை என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் சூப்பரின்டெண்ட், தாஜுன்னிசாவுக்கு மெமோ கொடுக்க வேண்டும் என்று எழுந்தார்: பார்வையிடும் அதிகாரம் இல்லாத ஒருவர் பொதுமக்களைப் பார்வையிட்ட குற்றம். ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு மெமோ கொடுக்க விதியில்லை என்று நான் சொன்னதால் விட்டுவிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பத்து நாள் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பூவாத்தாளுக்கு வந்தது கண்ணுக்குள் நீர் அழுத்தம் திடீரென்று ஏறுகிற நோய். உடனே சிகிச்சை செய்ததால் பார்வை தப்பியது. ஒரு நாள் தாமதித்திருந்தால் அவ்வளவுதான். “மேற்படி நோயாளியின் கண்ணை உற்றுநோக்கி உரிய தருணத்தில் அனுப்பிவைத்த தங்கள் அலுவலரின் பெயரைத் தெரிவித்தால், விழாவில் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்படும்.”

அன்று சாயங்காலத்துக்குள் பதினான்கு பேர் உற்றுநோக்கியிருந்தார்கள். தம்பிதுரை இரண்டு தடவை நோக்கியதாக எழுதிக் கொடுத்தான். தாஜுன்னிசா பெயரைச் சொன்னேன். சூப்பரின்டெண்ட் வருத்தத்தோடு தலையாட்டினார். “பட்டியல்ல இல்லாதவங்களுக்கு மெமோ குடுக்க முடியாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? பாராட்டு மட்டும் எப்படிங்க குடுக்கறது?”

நோயாளியே வந்து அடையாளம் காட்டட்டும் என்று முடிவானது. பூவாத்தாள் மறுபரிசோதனைக் கடிதத்துக்கு வந்த அன்று, தாஜுன்னிசாவை டீத்தூள் வாங்கப் பல்லடத்துக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் பத்தொன்பது பேரும் பட்டியல் வரிசைப்படி நின்றோம். எல்லார் முகத்திலும் கூலிங் கிளாஸ்.

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க அம்மணி. அன்னிக்கு உங்க கண்ணைப் பார்த்தது இவங்கள்ல யாருங்க?”

பூவாத்தாள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். “மொகம் தெரியலீங்களே சார். அன்னிக்கு எல்லாமே பொகையாட்டம் இருந்தது, வலியில கொரலும் காதுல ஏறலீங்க. ஆனாப் பார்த்தவங்க கண்ணாடி போட்டிருக்கலீங்க. அது மட்டும் நல்லாத் தெரியும்.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் பத்தொன்பது கண்ணாடிகளும் கழன்றன. முதலில் கழன்றது சூப்பரின்டெண்டுடையது. என்னுடையது இரண்டாவதா மூன்றாவதா, நினைவில்லை.

ஒரே கண்ணாடியும் ஒரே துண்டும் மூன்று வாரமாகச் செய்த வேலை அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. முப்பத்தெட்டுக் கண்களும் செக்கச்செவேலென்று, வீங்கி, பீளை ஒழுக, அவளைப் பார்த்தபடி நின்றன. இத்தனை நாளும் யார் கண்ணை யார் பார்த்தோம்?

பூவாத்தாள் பயப்படவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. இருக்கிற ஒரு கண்ணால் எங்களை நிதானமாகப் பார்த்தாள். “அட சாமி! இப்படியா இருக்கறது? வாசல்லதானுங்களே வேன் நிக்குது. நீங்க ஒருத்தராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போகலீங்களா?”

சுந்தரராஜுலு கண்ணைத் துடைத்துக்கொண்டே, மரியாதை குறையாமல் சொன்னார்.

“போகலாமுங்க அம்மணி. ஆனா லெட்டர் வேணுமில்லீங்களா? கண்ணைப் பார்த்துக் குடுக்க இங்க ஆளில்லீங்களே.”